ஊருக்கு சீசன், வண்டிக்கு இல்ல

மாப்ளே,

உன் மெயில் ஜூன்ல வந்துச்சு, இப்போ ஆகஸ்ட் கடைசி ஆகிப்போச்சு. வேலைன்னு சொன்னா அது பொய். கடைசியில ஒரு வரி கேட்டிருந்தேல்ல, "வண்டி எப்படி இருக்கு, மேல தொறந்து போட்டு எங்கயாவது போனியா"ன்னு, அதுக்கு என்ன எழுதன்னு தெரியாமதான் இத்தனை நாள் இழுத்துட்டேன். நேத்து ராத்திரி மழைச் சத்தத்துல தூக்கம் வரல, இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

முதல்ல ஊர்ச் சேதி. சாரல் இந்த வருசம் நல்லா கட்டி அடிக்கு. குண்டாறு அணை 36 அடியும் நிரம்பி வழியுது, எப்பவும் அதுதானே நம்ம பக்கம் முதல்ல நிரம்பும். உங்க அம்மா வீட்டுக்குப் போய் ஓடு எல்லாம் பாத்தேன், அடுக்களைப் பக்கம் ரெண்டு ஓடு நகந்து கெடந்துச்சு, ஆள விட்டு மாத்தியாச்சு, நீ அதைப் பத்திக் கவலைப்படாத. அம்மா நல்லா இருக்காங்க, "அவன் போன்ல சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னுதான் சொல்லுதான், என்னத்தச் சாப்பிட்டான்னு சொல்லமாட்டேங்கான்"னு என்கிட்ட குறைபட்டுக்கிட்டாங்க, அடுத்த தடவை பேசும்போது என்ன குழம்புன்னு சேத்து சொல்லிரு. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்து ரோடு முழுக்க கேரளா வண்டி, கல்யாண கோஷ்டி மாதிரி சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னு போட்டோ எடுக்காங்க. மர டிப்போவுல வியாபாரம் சுமார், மழை காலத்துல யாரு நிலை கதவு போடுதா.

இப்போ வண்டி. மூணு வருசம் ஆகுது, 2022ல கொச்சில போய் எடுத்துட்டு வந்தேன்ல, ரெண்டு சீட்டு, வெள்ளி கலர், துணி மேற்கூரை. கொல்லத்துலேர்ந்து புனலூர், தென்மலை வழியா வரும்போது பதிமூணு கண் பாலத்துக்குக் கீழ நிறுத்தி உனக்கு வீடியோ கால் போட்டேன், உங்களுக்கு அப்போ விடியக்காலம், நீ போர்வைக்குள்ள இருந்துக்கிட்டே "லே இன்ஜின் சத்தத்தைக் கேக்க விடுல"ன்னு கத்தினே. அந்தப் பாலத்தைப் பாக்கும்போதெல்லாம் நாம மீட்டர் கேஜ் ரயில்ல கதவுல தொங்கிக்கிட்டுப் போனது ஞாபகம் வரும், 1904ல போட்ட லைன், 2010ல நிறுத்தி அகலப்பாதை ஆக்கி 2018லதான் திரும்ப ரயில் விட்டாங்க. நடுவுல அந்த எட்டு வருசம் பாலம் சும்மா நின்னுச்சு. வண்டியை அங்க நிறுத்தும்போது எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா, ஆறாங்கிளாஸ்ல நீ எங்கயோ இங்கிலீஷ் புத்தகத்துலேர்ந்து கிழிச்சு நோட்டு அட்டையில ஒட்டி வச்சியே ஒரு சிவப்புக் கார், மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989ல சிகாகோ ஷோவுல முதமுதலா காட்டினது, அதை நாம ரெண்டு பேரும் வாங்கி புளியரை எஸ் வளைவுல ஏத்தணும்னு பேசிக்கிட்டோம்ல, அந்தப் பேச்சுல பாதி எனக்குப் பலிச்சிருச்சுன்னு இருந்துச்சு. மீதிப் பாதி உனக்கு மாண்ட்ரியல்ல பலிச்சிருச்சு, நீ அதே வண்டியையே வாங்கிட்டே.

ஆனா மாப்ளே, உண்மையைச் சொல்லுதேன், இப்போ அந்த வண்டியை நினைச்சா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்கு. கோவமும் இல்ல சலிப்பும் இல்ல. டிப்போவுக்குப் பின்னால செட்டுல கவர் போட்டுக் கெடக்கு, நான் தினம் அதத் தாண்டித்தான் ஆபீஸ் ரூமுக்குப் போறேன், திரும்பிப் பாக்கறதே இல்ல. மொத வருசம் எல்லாம் கவரைத் தூக்கி ஹெட்லைட்டையாவது பாத்துட்டுத்தான் போவேன்.

நம்ம ஊர்ல சீசன்னா அர்த்தம் வேற, உனக்குத் தெரியும். ஜூன் பொறந்தா "சீசன் ஆரம்பிச்சாச்சா, அருவியில தண்ணி விழுதா"ன்னு மெட்ராஸ்லேர்ந்து மதுரையிலேர்ந்து எல்லாரும் போன் போடுவாங்க. ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குக் காத்து உள்ள வந்து, கேரளாவுல கொட்டித் தீத்தது போக மிச்சத்தை நம்ம மேல தூவுது, அதுக்குப் பேர்தான் சாரல், அதுக்குப் பேர்தான் சீசன். ஊருக்கே சீசன், என் வண்டிக்கு மட்டும் அது சீசன் இல்ல. மேற்கூரையைத் தொறக்க முடியாது, ரோடு பூரா ஈரம், புளியரைப் பக்கம் போனா எம்-சாண்ட் ஏத்துன டாரஸ் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா கேரளாவுக்குப் போகுது, அது போட்ட பள்ளத்துல தண்ணி நின்னா ஆழம் தெரியாது, நம்ம வண்டியோ தரையோட தரையா கெடக்கும். அது முடிஞ்சு செப்டம்பர்ல கொஞ்சம் வெயில் காட்டும், உடனே அக்டோபர்ல வடகிழக்கு மழை வந்துரும், டிசம்பர் வரைக்கும். ஏப்ரல் மே வெயில்ல பகல்ல தொறந்து போனா மண்டை வெந்துரும். கணக்குப் போட்டுப் பாரு, நிம்மதியா ஓட்டறதுக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பாதி, அவ்வளவுதான். உனக்கு பனி கொட்டுத மாசம்தான் எனக்கு வண்டி ஓட்டுத மாசம், எனக்கு கவர் போட்டுக் கெடக்க மாசம் நீ ஓட்டிக்கிட்டு இருப்பே. நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல வண்டி ஓட்டுனது வருசத்துக்கு எத்தனை நாள் இருக்கும்னு சொல்லு பாப்போம்.

இதை எழுதும்போதுதான் ஒண்ணு தோணுது. உனக்கு முடிவு சுத்தமா இருக்கு. உங்க கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் கட்டாயம்னு சட்டமே இருக்கு, ரோட்டுல உப்பு போட ஆரம்பிச்சுருவாங்க, அந்த உப்புல ஓட்டினா அடிப்பக்கம் துருப்பிடிச்சிரும், அதனால நவம்பர்ல நீ டாங்க் நிறைய பெட்ரோல் போட்டு அதுல கெடாம இருக்க மருந்து ஊத்தி, பேட்டரியில சார்ஜரை மாட்டி, சைலன்சர் ஓட்டையில எலி போகாம அடைச்சு, கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவே. அப்புறம் மார்ச் வரைக்கும் உனக்கும் அதுக்கும் பேச்சே கிடையாது, பிரிவுன்னா முழுப் பிரிவு. எனக்கு அப்படி இல்லல. சாரல் ரெண்டு நாள் அடிக்கும், மூணாவது நாள் மத்தியானம் பளிச்சுனு வெயில் வரும், ஆகா எடுத்துரலாம்னு கவரை அவுப்பேன், துடைப்பேன், டயர்ல காத்து பாப்பேன், கேட்டைத் தாண்டறதுக்குள்ள மலை மேலேர்ந்து மேகம் இறங்கிரும். திரும்ப உள்ள தள்ளி, ஈரத்தைத் துடைச்சு, கவர். இப்படி ஜூன் மாசத்துல மட்டும் அஞ்சு தடவை. வண்டியை மூடியும் வைக்கல, ஓட்டவும் இல்ல. ஒவ்வொரு தடவை கவரை மாட்டும்போதும் ஆசை கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சிருச்சுன்னு நினைக்கேன். ஜூலைக்கு மேல வெயில் வந்தாலும் நான் எழுந்து போகல.

அப்படி விட்டதோட பலனையும் கேளு. ஆகஸ்ட் முதல் வாரம் எதுக்கோ செட்டுக்குள்ள போனவன் சாவியை அமுக்கினேன், ஒண்ணும் இல்ல. பேட்டரி செத்துப்போச்சு. இந்த வண்டியில பேட்டரி முன்பக்க டிக்கிக்குள்ள இருக்கு, டிக்கி தொறக்கறதோ கரண்ட்ல, கரண்ட் இருந்தாத்தான் டிக்கி, டிக்கி தொறந்தாத்தான் பேட்டரி. கால் வைக்கிற இடத்துக்கிட்ட இருக்க ஃப்யூஸ் பாக்ஸ்ல சிவப்பா ஒரு முனை இருக்கும், அதை வெளிய இழுத்து வேற பேட்டரியிலேர்ந்து ப்ளஸ் கொடுத்து, மைனஸை கதவுக் கொக்கி இரும்புல வச்சா டிக்கி டப்புனு தொறக்கும். மினி லாரியோட பேட்டரியைக் கழட்டிட்டு வந்து டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு குப்புறப் படுத்து அதைச் செஞ்சேன். அப்போதான் முழங்கை தரையில பட்டுச்சு, கார்ப்பெட் சதசதன்னு ஈரம்.

செட்டு ஒழுகல. மேற்கூரையில விழுத தண்ணி இறங்கி வெளிய போறதுக்கு சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சின்னக் குழாய் இருக்கும்ல, அது அடைச்சுக்கிச்சு. எதனாலன்னு நினைக்கே? மரத்தூள்! ரம்பம் ஓடும்போது பறக்க தூள் எல்லாம் கவர் இடுக்கு வழியா வந்து உக்காந்து, நான் வெளிய எடுத்து எடுத்து நனைச்சுக் கொண்டுவந்த மழைத்தண்ணியில ஊறி, தோசை மாவு மாதிரி கெட்டியாகிருக்கு. புல்லு வெட்டுற மெஷின்ல போடுவோம்ல தடிச்ச நைலான் நரம்பு, அதை ஒரு முழம் வெட்டி, நுனியை தீயில காட்டி உருண்டையாக்கி மெதுவா உள்ள விட்டுத் திருகித் திருகி எடுத்தேன். தேக்குத் தூள், அயினித் தூள், வேங்கைத் தூள், நிறத்தைப் பாத்தே சொல்லிருவேன், எல்லாம் வந்துச்சு. கடைசியில ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினேன், கடகடன்னு கீழ வழிஞ்சு போனப்போ எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா. மூணு மாசத்துல அந்த வண்டியால எனக்கு வந்த ஒரே சந்தோசம் அதுதான் மாப்ளே. சீட்டு ஓரத்துல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, துடைச்சு காய வச்சாச்சு. பின் சக்கரம் நகரல, ஹேண்ட் பிரேக் போட்டே விட்டிருக்கேன், டிஸ்க் துருப்பிடிச்சு பேடு ஒட்டிக்கிச்சு, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் விட்டுச்சு.

எனக்கு மனசு உறுத்தறது எதுக்குன்னா, மரம் இப்படி வந்தா நான் விடுவேனா? ஒரு பலகைய ஈரத் தரையில போட விடமாட்டேன், அடியில கட்டை வச்சு, நடுவுல குச்சி வச்சு, காத்து போற மாதிரி அடுக்கி, ஈரம் போகக் காய வச்சுத்தான் சீசன் பண்ணுதோம். அதே செட்டுல, பத்தடி தள்ளி, நான் கேட்டு கேட்டு வாங்குன வண்டியை ரெக்சின் கவர் போட்டு மூச்சு முட்ட மூடி வச்சிருக்கேன், அந்தக் கவருக்குள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளியவே போகாது. எனக்குத் தெரியாத விசயம் இல்ல. அதுமேல இருந்த அக்கறை எங்கயோ போயிருக்கு, அதான் செய்யல.

இந்த நேரம் பாத்து கொட்டாரக்கரையிலேர்ந்து ஒருத்தர் வந்தார். புரோக்கர் சொல்லி வந்தாராம், நான் விக்கேன்னு யாருகிட்டயும் சொல்லவே இல்ல. பேட்டரி சரி பண்ணி நாலு நாள்தான் ஆகிருக்கும். மழை பெய்யுது, குடையைப் பிடிச்சுக்கிட்டே வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தார். உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், நான் கொச்சில மொதல்ல உக்காந்தப்போ இருந்த மாதிரியே. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், பண்ணினேன். "சேட்டா, நல்ல ஒச்ச"ன்னார், நல்ல சத்தமாம். நல்ல விலைதான் சொன்னார், நான் எதிர்பாத்ததுக்கு மேல. எனக்கு வயித்துல ஒரு பிசைவு வரும்னு நினைச்சேன், அவர் கதவைச் சாத்தும்போதாவது வரும்னு நினைச்சேன், வரவே இல்ல. சரி கொடுத்துரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த வராததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு மாப்ளே. முப்பது வருசத்துக்கு மேல மனசுல வச்சிருந்த ஒண்ணு, ஒரு மழைக்காலத்துல இப்படிப் போயிருமா?

அப்பா ஈர மரத்தை அளக்கவே விடமாட்டாங்க. தண்ணி குடிச்சு ஊதி இருக்கும், கனம் பொய் சொல்லும், காஞ்சப்புறம் டேப்பை எடுன்னு சொல்வாங்க. எனக்கு அந்த நேரம் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவர்கிட்ட, "ஜனவரியில வாங்க, மேல தொறந்து தென்மலை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் விலை பேசுவோம்"னு சொல்லிட்டேன். அப்போவும் எனக்கு ஒண்ணும் தோணலன்னா மனசார அவருக்கே கொடுத்துருவேன், ஆசையா இருக்க ஒருத்தர்கிட்ட அது ஓடட்டும். சாரல்ல முடிவு எடுக்க மாட்டேன். வீட்டுல அவகிட்ட சொன்னேன், "இன்சூரன்ஸ் கட்டறதுக்கு முன்னால முடிவு பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னா, அதுவும் நியாயம்தான்.

அதுவரைக்கும் உன் மாதிரி செய்யலாம்னு இருக்கேன். செப்டம்பர் வெயில்ல ஒரே ஒரு தடவை எடுக்கேன், ஆரியங்காவு வரைக்கும், அங்க ஒரு சாயா, அவ்வளவுதான். வந்ததும் கழுவி, நல்லா காய வச்சு, ஜனவரி வரைக்கும் கவரைத் தொடமாட்டேன், எவ்வளவு வெயில் அடிச்சாலும் சரி. இடம் மாத்தியாச்சு, ரம்பத்துலேர்ந்து தள்ளி பழைய குடோன் மூலையில. ஹேண்ட் பிரேக் போடமாட்டேன், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அயினிக் கட்டையில ஆப்பு செதுக்கி வச்சிருக்கேன், நல்லா வந்திருக்கு, போட்டோ அனுப்புதேன். டயர்ல காத்து கொஞ்சம் கூட வைக்கணும்னு சொன்னேல்ல, ஒரே இடத்துல நின்னு அமுங்கிப் போகாம இருக்க, எவ்வளவு கூடன்னு எழுது.

பெட்ரோல் விசயமும் கேக்கணும். இங்க இப்போ பங்க்ல வருத பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காத்துல ஈரத்துக்கா பஞ்சம். நாலு மாசம் நிக்கும்போது டாங்க் நிறைய வைக்கணுமா, இல்ல குறைச்சு வச்சுட்டு ஜனவரியில புதுசு போடணுமா? நீ ஊத்துத மருந்து எத்தனால் பெட்ரோலுக்கும் ஆகுமான்னு டப்பாவுல பாத்துச் சொல்லு.

நீ டிசம்பர் கடைசியில வாரேன்னு அம்மா சொன்னாங்க. டிக்கெட் போட்டாச்சா? தங்கச்சியும் பிள்ளைகளும் வந்தா அவங்களுக்கு பெரிய வண்டி இருக்கு, நீ என்கூட வா. ஜனவரி முதல் வாரம் காலையில அஞ்சரைக்கு கிளம்புவோம், எஸ் வளைவுல நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். இடது கை வண்டி ஓட்டிப் பழகிட்டே, ஸ்டியரிங் இந்தப் பக்கம் இருக்கும், ஞாபகம் வச்சுக்கோ. திரும்பும்போது பார்டர்ல பரோட்டா.

இன்னொண்ணு, பேட்டரி சார்ஜர் அங்கேர்ந்து வாங்கிட்டு வந்துராத, உங்க ஊர்ல 120 வோல்ட், இங்க 230. மாடல் பேரை மட்டும் அனுப்பு, நான் இங்க தேடிக்கிடுதேன்.

உன்
மாப்ள
செங்கோட்டை