அளவைக் கேட்டால் வேஃபரை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"இந்த ஃபில்டரை இன்னும் சின்னதாக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்டால், "எந்த வேஃபர்?" என்று திருப்பிக் கேட்கிறோம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். (ஃபில்டர் என்பது வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடும் சுற்று; வேஃபர் என்பது சிப்பு உருவாகும் மெல்லிய சிலிக்கான் தகடு.)

எங்கள் ஃபில்டரின் சுருள்கள் டிஎஸ்வி-களால் ஆனவை. டிஎஸ்வி (through-silicon via) என்பது சிலிக்கானின் மேற்புறத்திலிருந்து அடிப்புறம் வரை இறங்கும் செம்புத் தூண். வேஃபரை ஊடுருவும் துளைக்கு, டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1958-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் 100 மைக்ரான் ஆழத்துக்கு நேராகக் குடைவது, 1990-களில் பாஷ் நிறுவனத்தின் அரிப்பு முறை (பிளாஸ்மாவால் சிலிக்கானைப் படிப்படியாகக் குடைவது) வந்த பிறகுதான் கைகூடியது. மெமரி சிப்புகளை அடுக்க இது பயன்படுவது தெரிந்ததே. நாங்கள் இதைச் சுருளாக்குகிறோம்: இரண்டு வரிசைத் தூண்கள், மேலும் கீழும் அவற்றை இணைக்கும் உலோகக் கோடுகள், அவ்வளவுதான் இண்டக்டர், அதாவது காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கும் சுருள். தட்டையாகப் பரந்து கிடந்த சுருள் ஆழத்தையும் பயன்படுத்திக்கொள்வதால் பரப்பு மிச்சம்.

சிக்கலும் அங்கேதான். சுருளுக்கு நடுவில் இருப்பது காற்று அல்ல, சிலிக்கான். மின்தடைத்திறன் 10 ஓம்-செ.மீ. உள்ள சாதாரண வேஃபரில் காந்தப்புலம் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும், சமிக்ஞையின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். தூணைச் சுற்றியுள்ள மெல்லிய ஆக்சைடு உறை நேர்மின்னோட்டத்தைத்தான் தடுக்கும். உயர் அதிர்வெண்ணுக்கு அது வெறும் கப்பாசிட்டர், சமிக்ஞை அதைத் தாண்டிச் சிலிக்கானுக்குள் போய்விடும். 1000 ஓம்-செ.மீ.க்கு மேற்பட்ட வேஃபரில் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். விலை கூடத்தான் செய்யும். ஆனால் பணத்தைப் போடுவதென்றால் இங்கேதான் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தூணைச் செம்பால் முழுக்க நிரப்பச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் சுமார் 0.66 மைக்ரானுக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடுகிறது; சுவரில் சில மைக்ரான் பூசினாலே போதும். செம்பு சூட்டில் சிலிக்கானைவிட ஆறு மடங்குக்கு மேல் விரியும். நிரம்பிய தூண் பக்கத்துச் சிலிக்கானை நெருக்கி, அருகிலுள்ள டிரான்சிஸ்டரின் நடத்தையையே மாற்றிவிடும். அப்புறம், தோல் இவ்வளவு மெல்லியது என்பதால் துளைச்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும்; அரிப்பு சுவரில் விட்டுச்செல்லும் அலை போன்ற மேடுபள்ளங்களும் இழப்பைக் கூட்டும்.

ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, போர்டில் இடமும் இருந்தால், கடையில் கிடைக்கும் சிப் இண்டக்டரையே வாங்குங்கள் என்போம்.

மற்றபடி, வேஃபரின் மின்தடைத்திறன், தடிமன், அதிர்வெண் பட்டை, எத்தனை டெசிபெல் இழப்பு வரை தாங்கும் என்ற நான்கையும் முதல் மடலிலேயே எழுதுங்கள். அளவு எவ்வளவு குறையும் என்று அவற்றை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறோம்.

அன்புடன்,
வடிவமைப்புக் குழு