கலந்து கொடு, கயல்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போனிலேயே பதில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்துவிடுவார், அதனால் எழுதுகிறேன்.

அளவியல் நடத்தியபோது பிள்ளைகள் கூம்பு, கோளம் எல்லாம் மளமளவென்று போட்டார்கள், மாதத் தேர்வில் பாதிப் பேருக்கு எந்தச் சூத்திரம் என்றே தெரியவில்லை என்றாய். நீ நடத்தியதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்குகளைக் கொடுத்த வரிசையைப் பார். கூம்புக் கணக்காகவே பத்து கொடுத்தால் என்ன சூத்திரம் என்று பிள்ளை யோசிக்கவே வேண்டாம், எண்களைப் பொருத்தினால் போதும். தேர்வில்தான் முதல்முறையாக அந்த யோசனை தேவைப்படுகிறது.

2007-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அதுவும் கன அளவுக் கணக்குதான்! வகைவகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. கல்லூரிப் பிள்ளைகள்தானே என்பாய். ரோரர் குழு ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புகள் 54-இல் செய்து பார்த்து 2020-இல் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 61, மற்றவர்கள் 38.

அதனால் வகுப்பில் தடங்கலில்லாமல் போடுவதை மட்டும் பார்த்து மனசு நிறைந்துவிடாதே.

இதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் கலக்கிவிடவும் கூடாது. புதுச் சூத்திரம் என்றால் முழுசாகத் தீர்த்த கணக்கு இரண்டு மூன்றைப் போர்டில் காட்டு, அதேபோல ஒன்றை அவர்களே போடட்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகக் காட்டு. கலப்பதை வீட்டுப்பாடத்தில் வைத்துக்கொள்: இன்று நடத்தியதில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, முக்கோணவியலில் ஒன்று.

அடுத்தது ஸ்லிப் டெஸ்ட். உங்கள் பள்ளியில் அதைத் தண்டனை மாதிரி வைக்கிறார்கள் என்று தெரியும். நீ மார்க் போடாதே, பதிவேட்டில் ஏற்றாதே. வருகைப்பதிவு எடுக்கும் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடச்சொல்லி, போன வாரப் பாடத்தில் மூன்று கேள்வி கேள். எழுதியதும் விடையைச் சொல்லிவிடு, தப்பு தப்பாகவே மனதில் தங்கிவிடக் கூடாது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடப்பகுதியை நான்கு முறையும் படித்தே தீர்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவிருந்தது 40 சதவீதம். ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஐந்தே நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். மறுநாள் தேர்வுக்கு ராத்திரி முழுக்கப் படிக்கும் பிள்ளை ஏமாறுவது இங்கேதான்.

பயிற்சி முகாமில் யாராவது பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வா. அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் எழுதிய நான்கு பேரில் அந்த ரோரரும் ஒருவர்.

ஆரம்பத்தில் "கஷ்டமா இருக்கு மிஸ்" என்று பிள்ளைகள் முனகுவார்கள். வீட்டுப்பாடத்தில் தப்புகள் கூடும், எச்.எம். கூப்பிட்டுக் கேட்பார். போர்ஷன் பின்தங்கவில்லை என்று மட்டும் அவருக்குக் காட்டு. அடுத்த மாதத் தேர்வு வரை பொறுத்துக்கொள்.

கலந்த கணக்குத்தாள் ஒன்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இடைக்கண்டத்தை, அதான் நுனி வெட்டிய கூம்பை, அதில் சேர்க்கவில்லை, அதை நீ முதலில் நடத்தி முடி. சனிக்கிழமை ஊருக்கு வருவதாக இருந்தால் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா