பலகாரத்துக்கு ஒரு நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவை நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. இன்னும் சுகர் வரவில்லை, வருவதற்கு முந்தைய கட்டம் என்று டாக்டர் சொன்னது ஒரு வகையில் ஆறுதல். திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. அன்றைக்குப் போனில் நீ கேட்டாய்: "நீங்களும்தானே அந்தக் காலத்துல முறுக்கு, அதிரசம், அல்வான்னு சாப்பிட்டீங்க? இப்ப மட்டும் ஏன் இப்படி?" அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. கோவில்பட்டியில் இத்தனை வருஷம் மளிகைக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன வாங்கினார்கள், எந்த மாதம் வாங்கினார்கள் என்று பார்த்தவன் நான். அந்த முறையில் பதில் எழுதுகிறேன்.

சாப்பிட்டோம், உண்மைதான். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏற ஒரு காரணம் வேண்டும். கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. நவராத்திரிக்குக் கொலு வைத்த வீடுகளில் சுண்டல், சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலை. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகைக்கு மறுபடி கொழுக்கட்டை, தையில் பொங்கல். நடுவில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ கோயில் கொடைத் திருவிழாவோ வரும். இந்த வரிசையை ஒரு தடவை திரும்பப் படித்துப் பார். எண்ணெயில் பொரிப்பது எத்தனை இருக்கிறது? பாதிக்கு மேல் அவித்ததும் பொரியும் கடலையும்தான். தை முடிந்தால் வீட்டில் பலகாரப் பேச்சே குறைந்துவிடும். ஆனி மாதத்தில் முறுக்கு சுட்ட வீடு எங்கள் தெருவில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் ரொம்பக் கட்டுப்பாடானவர்கள் என்று நினைத்துவிடாதே. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சீனி ரேஷனில் கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து வரும். தீபாவளிக்காக ஆச்சி இரண்டு மூன்று மாதச் சீனியைக் காப்பிக்குக்கூடத் தொடாமல் எடுத்து வைப்பாள். காப்பிக்குக் கருப்பட்டிதான். கடலை எண்ணெய் விலை அதிகம். தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொஞ்சமாக வாங்கிப் போவார்கள். அடுப்புக்கு விறகு, இல்லாவிட்டால் ரேஷன் சீமெண்ணெய். அப்புறம் ஆள் வேண்டும். அதிரசத்தையே எடுத்துக்கொள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்து, சலித்து, வெல்லப் பாகில் கிளறி, அந்த மாவை இரண்டு மூன்று நாள் மூடி வைத்து அப்புறம்தான் தட்டிப் போடுவார்கள். பாகு பதம் தவறினால் எண்ணெயில் பிரிந்துபோகும். நினைத்த மாத்திரத்தில் சாப்பிடக்கூடிய பண்டமா அது? சாப்பிட வேண்டுமானால் நாலைந்து நாள் முன்னாடியே வேலையைத் தொடங்க வேண்டும். அந்த வேலையே ஒரு தடுப்பாக இருந்திருக்கிறது.

பலகாரச் சீட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். மாதாமாதம் சிறு தொகை கட்டி வந்தால் தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பும் காரமும் கொஞ்சம் பட்டாசும் கிடைக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்து அதைக் கட்டினார்கள். ஒரு வாரம் சாப்பிடுவதற்கு வருஷம் முழுக்கச் சேமிப்பு. வாங்கி வந்த பெட்டியையும் அவர்கள் மட்டும் வைத்துத் தின்னவில்லை. தட்டில் வைத்துத் துணி மூடிப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து வேறு பலகாரம் தட்டில் திரும்பி வரும். பத்து வீட்டுக்குப் பங்கு போனால் ஒருவர் வாயில் எவ்வளவு மிஞ்சும்? மீதியை ஆச்சி டின்னில் போட்டு மேலே ஏற்றிவிடுவாள். எங்களுக்கு எண்ணித்தான் கிடைக்கும்.

அந்த நாளிலேயே காலையில் தீபாவளி மருந்து ஒரு உருண்டை கொடுப்பாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் அரைத்து வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறியது. இன்றைக்கு வயிறு வழக்கத்துக்கு மாறான காரியம் செய்யப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பலகாரத்தோடு மருந்தையும் சேர்த்தே கிண்டினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படிக் காத்திருந்து சாப்பிட்டார்கள் என்று சொன்னால் பொய். டீக்கடையில் வடையும் போண்டாவும் அன்றும் தினமும் போட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான் காலை ஆகாரம். அவர்கள் பார்த்த வேலைக்கு அது எங்கே போயிற்று என்றே தெரியாது. பிள்ளைகளும் காசு கிடைத்தால் கடைக்கு ஓடிவந்து கடலை மிட்டாயோ தேன் மிட்டாயோ வாங்குவார்கள். நம்ம ஊர் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு துண்டு வாங்கினால் அது ஒரு துண்டுதான். வீட்டில் பாக்கெட் பாக்கெட்டாக இருப்பு இருந்ததில்லை.

இன்னொன்று, பண்டம் அந்தந்த ஊரில்தான் இருந்தது. சாத்தூர் போனவர் சேவு வாங்கி வருவார், ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர் பால்கோவா, திருநெல்வேலி போனவர் அல்வா. யாராவது பயணம் போய்த் திரும்பினால்தான் பொட்டலம் பிரியும்.

இது மாறியதை நான் கல்லாவில் இருந்தபடியே பார்த்தேன். முதலில் எண்ணெய். 1994இல் பாமாயில் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கொஞ்ச காலத்தில் எண்ணெயை அளந்து பார்க்கிற பழக்கம் போய்விட்டது. பொரிப்பது மலிவாகிவிட்டது. வீட்டைவிடக் கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும்தான் அது பெரிய வசதி. சீனியும் வெளிச்சந்தையில் வேண்டிய அளவு கிடைக்க ஆரம்பித்தது. அதே காலத்தில் கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. விலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருக்கிற கிராமைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பது மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்று. பையன்கள் கையில் வழக்கமாக இருக்கிற காசு அது.

என் கணக்கு நோட்டில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஐப்பசி பிறந்தால் கடலை மாவு, பொட்டுக்கடலை, எள், ஓமம், வெல்லம், டால்டா என்று ஒவ்வொரு வீட்டுப் பற்றிலும் வரிசையாக ஏறும். மற்ற மாதங்களில் அந்த வரிசை இருக்காது. நோட்டைப் பார்த்தே பண்டிகை எப்போது என்று சொல்லிவிடலாம். அப்புறம் பிஸ்கட், மிக்சர், ரஸ்க், சிப்ஸ் என்று எல்லா மாதமும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கினேன். தீபாவளிக்குக் கடலை மாவு வாங்குவது குறைந்தது, பலகாரம் சாப்பிடுவது குறையவில்லை. உன் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

இப்போது உங்கள் வீட்டு ஒரு நாளை எடுத்துப் பார். காலை டீயோடு பிஸ்கட். பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்நாக்ஸ் டப்பா. மாப்பிள்ளை ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள், கேக் வெட்டுவார்கள். சாயங்காலம் பேக்கரி பப்ஸ். ராத்திரி சாப்பாட்டோடு ஆப்பில் ஒரு குலாப் ஜாமூனும் சேர்த்து வரும். எதுவுமே பெரிதாகத் தெரியாது. பலகாரம் சாப்பிட்டோம் என்று யாரும் கணக்கிலும் வைக்க மாட்டார்கள். இதற்கு மேல் பழைய பண்டிகைகளும் அப்படியே வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்குச் சேர்க்கிற சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள். 25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். மாப்பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஆறு ஸ்பூன் அங்கேயே முடிந்துவிட்டது! பிஸ்கட்டுக்கே இடம் இல்லை. ஆகையால் முதலில் கை வைக்க வேண்டியது டீயில்தான், பலகாரத்தில் இல்லை. 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றும், 13 கோடிப் பேருக்கு மேல் மாப்பிள்ளை இருக்கிற அதே கட்டத்தில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. இனிப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சோறும் உட்கார்ந்த வேலையும் பரம்பரையும் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம்.

அவரிடம் "இதைத் தொடாதீங்க, அதைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்காதே. அதுவும் பிள்ளை முன்னால் வேண்டாம். வீட்டில் இருப்பு வைக்காமல் இருந்தாலே பாதி முடிந்துவிடும். டப்பாவில் இருந்தால் கை போகும், அது மனித சுபாவம். பேத்தியின் டப்பாவுக்குச் சுண்டல், வேகவைத்த கடலை, ஏதாவது ஒரு பழம் போதும். முதல் வாரம் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும். பலகாரத்துக்கு என்று ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகையோ யாருடைய பிறந்தநாளோ, அது உங்கள் விருப்பம். அந்த நாளில் நல்லதாக, வேண்டிய அளவு, மனசு குளிர மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடையில் வாங்கினால் தட்டில் தேதி போட்டிருக்கிறதா என்று பார். எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று உதிரி இனிப்புக்கும் எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் விதி கொண்டுவந்தார்கள். பல பேர் அதைக் கேட்பதே இல்லை.

முடிந்தால் அந்த நாளில் வீட்டிலேயே சுடு, பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள். சீடை உருட்ட அவளுக்கு விட்டுக்கொடு. மாவில் கட்டி இல்லாமல் நன்றாகச் சலித்துக்கொள், ரொம்ப இறுக்கி உருட்ட விடாதே. எண்ணெயில் போடும்போது அவளைத் தள்ளி நிறுத்து. உள்ளே ஈரம் அடைபட்டால் சீடை வெடிக்கும், அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உருட்டிய பிள்ளைக்கு ஒரு கைச் சீடை எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடும்.

கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தைய வாரம் அம்மா மாவு திரித்து அனுப்புகிறாள். உளுந்து வறுத்துச் சேர்த்திருக்கும், உப்பும் வெண்ணெயும் நீ போட்டுக்கொள். பித்தளை முறுக்கு அச்சு இங்கே இரண்டு இருக்கிறது. உன்னிடம் இல்லையென்றால் சொல், ஒன்றை மாவோடு சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா