மகளுக்கு, அந்தப் பழைய லெப்டொப் பற்றி

டிக்கோயா
2025 நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. லீவு முடிந்து பேராதனைக்குப் போகும்போது நீ லெப்டொப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் "கம்பஸ் லேப்லயே முடிச்சிக்கிறேன்ப்பா, அது போதும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசிப்பாய்.

புதன்கிழமை ராத்திரி தம்பி அதைப் போட்டான். நான் அடுப்பில் தண்ணி வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டேன். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். தேயிலை பெக்டரியில் இத்தனை வருசம் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து மெஷின் சத்தம் கேட்ட காது இது. அது நல்ல சத்தம் இல்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டு ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி என் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றினார். பேன் ஓரத்தில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைந்து கிடந்தது. அதைப் பிரஷ்ஷால் வாரி எடுத்தார். உள்ளே இருப்பது இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ3 ப்ரொசெஸர், வேலை நடக்கும்போது பாவிக்கிற நினைவகமான ரெம் 4 ஜிபி, நிமிசத்துக்கு 5400 தரம் சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 வீதம் என்று காட்டியது. தட்டு சுற்றி, ஊசி நகர்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும், அதுதான் இவ்வளவு தாமதம் என்றார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்.எஸ்.டி ஒன்று தன்னிடம் இருந்ததை மாட்டிப் போட்டுக் காட்டினார். முதல் தடவை கொஞ்சம் தடுமாறியது. அடுத்த தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், 20 வினாடி ஆகவில்லை. அதே பழைய மெஷின்தான். அதில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஊசியும் இல்லை.

அப்போதே மாற்றச் சொல்லிவிடலாம் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உன் மூன்றாம் வருச வேலை ஞாபகம் வந்தது. மண்சரிவு வரும் இடங்களை வரைபடத்தில் போடப் போகிறேன் என்று லீவில் சொன்னாய். அதற்கு லேபில் இருக்கிற ஆர்க்ஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் பற்றிக் கடைத் தம்பியிடம் கேட்டேன். அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரெம் வேண்டும், அப்போதும் தாராளமாக ஓடாது, இந்த ப்ரொசெஸர் இரண்டே கோர் என்றார். பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரில் பித்தளைச் சட்டம் தேய்ந்தால் நாங்கள் சட்டத்தை மாற்றுவோம், ரோலர் இன்னும் பல வருசம் ஓடும். மோட்டார் பலம் பத்தாவிட்டால் எத்தனை சட்டம் மாற்றியும் கொழுந்து சரியாக உருளாது. உன் லெப்டொப்பில் இரண்டு குறையும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம். ப்ரொசெஸர் போர்டோடு ஒட்டியது, அதை மாற்ற வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு போன மாதம் 14ஆம் திகதியோடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மைக்ரோசொப்ட் கணக்கோடு பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வருமாம். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்றார்.

நீ ஏன் "போதும்" என்கிறாய் என்று எனக்குத் தெரியும் மகள். 2020ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது கண்டியில் பாவித்ததாக வாங்கித் தந்ததுதான் இது. சிக்னலுக்காக மாரியம்மன் கோயிலுக்கு மேலே ஏறிப்போய் போனில் வகுப்பைக் கேட்டு, வீட்டுக்கு வந்து இதில் நோட்ஸ் அடிப்பாய். 2022 ஜனவரியில் புதியது வாங்கக் காசு என் கையில் இருந்தது. ஏ.எல். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பரீட்சை முடிந்த கையோடு, மார்ச்சில், ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 வரைக்கும் போனது. கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். அந்தக் காசு அரிசிக்கும் மாவுக்கும் போனது. நீ அன்றைக்கும் "இது போதும்ப்பா" என்றுதான் சொன்னாய். அந்தப் பிழை என்னுடையது. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

அதனால் இந்தத் தடவை இப்படி யோசித்திருக்கிறேன். பழையதற்கு எஸ்.எஸ்.டி போடுகிறோம். ரெம் சொருகும் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, அதில் பாவித்த 4 ஜிபி ஒன்று. இரண்டும் சேர்த்து அம்மாவின் பத்துப் பன்னிரண்டு பேருக்குள், அதாவது அத்தனை நாள் சம்பளத்துக்குள், அடங்கும். பெட்டரி வேண்டாம், பிளக்கில் போட்டே பாவிக்கலாம். அது தம்பிக்கு. அவன் படிப்புக்கு அது தாராளம். எஸ்.எஸ்.டி வீண்போகாது, என்றைக்காவது கழற்றி வேறொன்றில் போடலாம். ரெம் பழைய வகை, புதியதில் ஏறாது, அதனால்தான் அதில் கூடக் காசு போடவில்லை.

உனக்குப் புதியது. நூறு பேருக்கு மேல் வரும், தெரியும். மார்ச்சில் சீட்டு நம் முறை. நாட்சம்பளம் ஜனவரியிலிருந்து 1750 என்று நேற்றுமுன்தினம் பட்ஜெட்டில் சொன்னார்கள், அதைக் கையில் வாங்கின பிறகுதான் கணக்கில் சேர்ப்பேன். சீட்டுக் காசு மட்டுமே முக்கால்வாசிக்கு வரும். "அவ கேக்க மாட்டா, நீங்களா குடுங்க" என்று அம்மாதான் முதலில் சொன்னாள். மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மூடிய மண்சரிவு 2014 ஒக்டோபர் 29, உனக்கு அப்போது பதினொரு வயது. அன்று ராத்திரி நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையைப் பார்த்துப் பார்த்து நீ தூங்கவேயில்லை. அந்த வேலையை நீ லேப் பூட்டும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது மெல்லிசாக வருகிறவற்றில் பலதில் ரெம்மைப் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபியோடு வரட்டும், இல்லாவிட்டால் சொருக இடம் இருக்கட்டும். உங்கள் லெக்சரரிடம் என்ன மென்பொருள், எவ்வளவு ரெம் என்று கேட்டுத் தெளிவாக எழுதி அனுப்பு. கியூஜிஐஎஸ் என்று இலவசமாக ஒன்று இருக்கிறதாமே, அதில் செய்தாலும் ஏற்பார்களா என்றும் கேள். அந்த விபரம் கைக்கு வந்த பிறகுதான் கடைக்குப் போவேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் கடைத் தம்பி கொப்பி பண்ணித் தந்துவிட்டார். உன் நோட்ஸ் முழுதாக இருக்கிறது. ஆனால் அப்பாயி படங்கள் இருந்த பெட்டியில் பாதி திறக்கவில்லை. உன் போனில் வேறு கொப்பி இருந்தால் தம்பிக்கு இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அப்பா