நீ ஓன்

தாலின், எஸ்தோனியா,
டிசம்பர் 3

அன்புள்ள கயலுக்கு,

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, நான் அவங்களுக்கு ஒரு மெயில் போட்டு விசாரிக்கறேன்" என்று கிளம்பிவிடுவாய். எனக்காக நீ விசாரித்ததெல்லாம் போதும் கண்ணு. அதனால்தான் கடிதம்.

"கிளாஸ் எப்படிம்மா போகுது?" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டாய். "நல்லாப் போகுது" என்று நானும் பத்து வாரம் தவறாமல் சொன்னேன். பொய்தான். தார்த்துவுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நீ உட்கார்ந்து தேடி, விண்ணப்பத்தை நீயே நிரப்பி, அப்பாவை 380 யூரோ கட்டவைத்துச் சேர்த்துவிட்ட எஸ்தோனியன் மொழி வகுப்பு. அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. போன வியாழக்கிழமையோடு அது முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம்.

முதல் நாள் எவ்வளவு ஆசையாகப் போனேன் தெரியுமா? செப்டம்பர் 23, மாலை ஆறு மணி. புது நோட்டு, இரண்டு பேனா, கோட்டில் நீ மாட்டிவிட்ட, இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற அந்த மீன் வடிவ ஹெல்குர். ஈரோட்டில் பதினான்கு வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவள், இந்த மொழி நமக்கு வராமல் எங்கே போகும் என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்குக் காரணமும் இருந்தது. நமக்கு எட்டு வேற்றுமை, இவர்களுக்குப் பதினான்கு. ஆனால் வேலை ஒன்றுதான்: பெயரோடு உருபை ஒட்டு, முடிந்தது. 'மேசைக்கு அடியில்' என்று நாம் சொல்லும் வரிசையிலேயே இவர்களும் மேசையை முன்னால் வைத்து, அடியைப் பின்னால் வைக்கிறார்கள். 'என்னிடம் பூனை இருக்கிறது' என்பதும் அப்படியே, 'முல் ஓன் கஸ்'. இங்கிலீஷில் இதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை, அவன் அவள் இரண்டுக்கும் ஒரே சொல். காபிக் கடையில் 'இல்ம' என்றால் பால் இல்லாமல். நம்முடைய 'இல்லாம'தான் கப்பலேறி வந்துவிட்டதோ என்று சிரித்தேன். உறவெல்லாம் ஒன்றும் கிடையாது, தற்செயல்தான். இருந்தாலும் தெரியாத ஊரில் நம் ஊர்க்காரர் மாதிரி யாரையோ பார்த்தது போல இருந்தது.

இன்னொன்று கேள். நீ பன்னிரண்டு வயதில் வந்தவள், கேட்டுக் கேட்டே பழகிவிட்டாய், உனக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. 'ஸத' என்றால் நூறு. 'ஸாத' என்றால் அனுப்பு. அதையே இன்னும் கொஞ்சம் இழுத்து 'ஸாஅத' என்றால் பெறுவது. கடைசி இரண்டையும் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், காதுதான் பிரிக்க வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறில், நெடில், அளபெடை! ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை. நாமாவது அளபெடைக்குப் பக்கத்தில் ஒரு உயிரெழுத்தைப் போட்டுக் காட்டுவோம், இவர்கள் அதுவும் செய்வதில்லை. அப்புறம் அந்த 'ஓ' எழுத்தின் தலையில் நெளிகோடு போட்ட உயிர் இருக்கிறதே, வகுப்பில் எல்லோரும் அதற்காக முகத்தைக் கோணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது 'பத்து' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற உகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உதட்டைக் குவிக்காமல் சொன்னால் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். யாரிடம் சொல்வது?

வகுப்பில் பதினாறு பேர். பதினோரு பேர் ரஷ்ய மொழிக்காரர்கள். பாதிப் பேர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். கேட்டால் புரியும், எழுதத்தான் வராது. மிச்சம் ஐந்து பேரில் நான், ஒரு துருக்கிப் பெண், ஒரு பிரேசில் பையன், இரண்டு நைஜீரியர்கள். முதல் இரண்டு வாரம் வந்த ஆசிரியை சின்னப் பெண், கை கால் எல்லாம் ஆட்டி எஸ்தோனியனிலேயே புரியவைத்தாள். அவள் நின்றுவிட்டாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்தவர் வேற்றுமை அட்டவணையைச் சுவரில் ஒளிபரப்பி மேலிருந்து கீழே வாசிப்பார். சந்தேகம் கேட்டால் ரஷ்ய மொழியில் விளக்குவார். பதினோரு தலை ஆடும். நாங்கள் ஐந்து பேர் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து ரஷ்ய வழிப் பள்ளிகளையும் மழலையர் பள்ளிகளையும் எஸ்தோனியனுக்கு மாற்றத் தொடங்கினார்கள் அல்லவா, அதில் வேலை பார்க்கிறவர்கள் பரீட்சை எழுதியே ஆக வேண்டும். பயத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள். என் கோபம் எங்கள் எல்லோரையும் ஒரே அறையில் அடைத்து ஒரே கட்டணம் வாங்கினவர்கள் மேல்தான்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 'துப' என்றால் அறை. 'அறையில்' என்பதற்கு 'துபஸ்' என்று எழுதியிருந்தேன். தப்பு, 'தொஅஸ்' என்று சிவப்பில் அடித்துக் கொடுத்தார். "மிக்ஸ்?" என்று கேட்டேன். ஏன் என்ற அந்த ஒரு சொல்லை வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீ ஓன்" என்றார். அப்படித்தான், அவ்வளவுதான்.

அப்புறம் யார் என்ன கேட்டாலும் 'நீ ஓன்'தான். பிரேசில் பையன் ஒரு மாலையில் எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினான். பதினேழு.

வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் என்னிடம் கேட்டான், "டீச்சர், வீடு வீட்டை ஆகுது, பசு ஏன் பசுட்டை ஆகல?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீடு நெடில்தொடர்க் குற்றியலுகரம், அதனால் டகரம் இரட்டிக்கிறது, பசு முற்றியலுகரம், அதனால் பசுவை என்று வருகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆறு, காடு, நாடு என்று அவனே அடுக்க ஆரம்பித்தான். எல்லாக் கேள்விக்கும் அப்படிப் பதில் சொன்னேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மார்ச் மாதம் பாடம் முடிக்கிற அவசரத்தில் நானும் எத்தனை பிள்ளைகளிடம் 'நீ ஓன்' சொன்னேனோ.

'துப' ஏன் 'தொஅ' ஆகிறது என்று பிறகு நானே கண்டுபிடித்தேன். சொல்லின் நடுவில் இருக்கிற வல்லினம் சில வேற்றுமைகளில் இளைத்துப் போகிறது, சில இடத்தில் காணாமலே போகிறது. கால் என்கிற சொல்லில் ககரம் மறைகிறது, ரொட்டியில் பகரம் வகரமாகிறது. நோட்டில் தனித்தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயம்.

மற்ற குறைகளை நீட்டவில்லை. மூன்று வகுப்பு நடக்கவே இல்லை, கடைசி இரண்டு கம்ப்யூட்டரில். வீட்டுப்பாடத்தை யாரும் பார்க்கவில்லை. முக்கியமான குறை, பேசவே விடவில்லை. ஒரு மாலைக்கு நான் வாய் திறந்தது மூன்று வாக்கியம், அதுவும் புத்தகத்தில் இருக்கும் கோடிட்ட இடத்தை நிரப்பி. கடையில் கல்லாவில் இருக்கிற பெண் வேகமாக 'க்ளியெந்திகார்த்?' என்று கேட்கிறாளே, வாடிக்கையாளர் அட்டை இருக்கிறதா என்று, அது அறுபது பாடவேளையில் ஒரு முறை கூட வரவில்லை. கடைசியில் மெயிலில் ஒரு சான்றிதழ் வந்தது. 'பங்கேற்றார்' என்று போட்டிருந்தது. என் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். அதுவும் வேற்றுமையில் இளைத்துப் போய்விட்டது போல. கீழே, அடுத்த நிலைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி.

அப்பா, "விடு, மருந்துக்கடையிலயும் ஆஸ்பத்திரியிலயும் இங்கிலீஷ் பேசறாங்களே" என்கிறார். அவருக்கு ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ். எனக்கு அந்த இங்கிலீஷே அரைகுறை. ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு மருந்துக்கடைக்குப் போய் எஸ்தோனியனில் சொன்னால், நான் தடுமாறுவதைப் பார்த்து, பாவம் என்று, உடனே இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் ஒரு கதவைத் தட்டினால் இன்னொரு கதவைத் திறந்து, அதிலும் என்னால் நுழைய முடியாத மாதிரி இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். உன் பதினான்காவது வயதில் அந்த வயதான டாக்டரம்மாவிடம் என்னோடு வந்தாய். என் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, அவர் கேட்டதை என்னிடமும் நான் சொன்னதை அவரிடமும் மாற்றி மாற்றிச் சொன்னாய். சில இடத்தில் உனக்கே தமிழ்ச் சொல் தெரியவில்லை, எனக்குச் சொல்ல வெட்கம். டிராமில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்றைக்கே நான் படித்திருக்க வேண்டும். நீ இருக்கிறாயே என்று சோம்பலாக இருந்துவிட்டேன். ஏழு வருடம். ஆகஸ்டில் உன்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பின பிறகுதான், இனி டெலிபோன் அடித்தால் யார் எடுப்பது என்று பயம் வந்தது.

சரி, ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு முடிந்து எட்டேகாலுக்கு முஸ்தமாயே பஸ்ஸில் என்னோடு ஒரு அம்மா வருவார். ஐம்பத்தெட்டு வயது, மழலையர் பள்ளியில் உதவியாளர், பதினோரு பேரில் ஒருவர். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த எஸ்தோனியன் ஒன்றுதான். மாறிக்கொள்ள வேறு மொழியே இல்லை! இருபத்தைந்து நிமிடம் வேறு வழியில்லாமல் பேசினோம். அவருக்கு உருபு தப்பும், எனக்கு வினை தப்பும். யாரும் சிவப்பில் அடிக்கவில்லை. முட்டைக்கோஸ் விலை, மூட்டுவலி, மூன்றரைக்கே இருட்டிப் போவது. அவர் மகன் ஜெர்மனியில். என் மகள் 'தார்த்துஸ்' என்றேன், 'தார்த்துவில்'. அந்த உருபை நான் ஒரு தடவை கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

ஒரு நாள் அவர் மகன் போட்டோவைக் காட்டி 'இகத்ஸென்' என்றார். எனக்குப் புரியவில்லை. நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். ஏக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அந்த வினை இவர்களுடைய மூன்றாவது வேற்றுமையைத்தான் கேட்கிறது, அந்த 'பாதி' வேற்றுமை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது, ஒருவர் மேல் அன்பு வைப்பது, ஏங்குவது எல்லாம் அதே கணக்குதான். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் ஒரு வேற்றுமை, படித்துக்கொண்டே இருந்தால் இந்த வேற்றுமை. இரண்டாவது வாரத்திலேயே அட்டவணையில் இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த நிலைக்கு நான் போகவில்லை. தள்ளுபடியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நீ மெயில் எதுவும் போடாதே, பணமும் திரும்பி வராது. அந்த அம்மாவும் நானும் செவ்வாய்க்கிழமைதோறும் சந்திப்பதாகப் பேசியிருக்கிறோம், ஒரு வாரம் அவர் வீடு, ஒரு வாரம் நம் வீடு. அடுத்த செவ்வாய் இங்கே வருகிறார், ரவா உப்புமா செய்யலாம் என்று இருக்கிறேன். இலவசப் பாடம் கணினியில் இருக்கிறது என்று நீ முன்பே சொன்னாயே, அதையும் தினம் அரைமணி பார்க்கிறேன். ஜனவரியில் டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது. பயப்படாதே, வருடாந்திரப் பரிசோதனைதான். நான் தனியாகத்தான் போகப் போகிறேன், கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தப்பு இருந்தால் எங்கே என்று அடிக்கோடு மட்டும் போடு. திருத்திக் கொடுத்துவிடாதே.

லீவுக்கு 20ஆம் தேதி வருகிறாய் அல்லவா, பால்டி யாம் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். அங்கேயே காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காபியை நான்தான் கேட்பேன், உனக்குப் பாலோடு, எனக்கு 'இல்ம'. கடைக்காரர் இங்கிலீஷுக்கு மாறினாலும் சரி, பின்னால் வரிசை நின்றாலும் சரி, நீ வாயைத் திறக்கக் கூடாது.

பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் சொல், அரைத்து வைக்கிறேன்.

அம்மா