ரேடியேட்டரைப் பின்னால் மாற்ற நினைக்கும் ஜீப் தம்பிகளுக்கு

அன்புள்ள கடலூர், புதுச்சேரி ஜீப் தம்பிகளுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் 28 வருடமாக ரேடியேட்டர் பட்டறை நடத்துகிறவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரை எனக்கு முகத்தைவிட வண்டியை வைத்துத்தான் தெரியும். நம்பர் பிளேட் டி.என். 31 ஆனாலும் பி.ஒய். 01 ஆனாலும், டயரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தே கேப்பர் மலைக்குப் போனீர்களா, பாகூர்ப் பக்கத்து வயல்வெளிக்குப் போனீர்களா என்று சொல்லிவிடுவேன்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஆறு பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டீர்கள். "அண்ணே, ரேடியேட்டரைத் தூக்கிப் பின்னாடி வெச்சிடலாமா?" ஆறு பேருக்கும் வேலைக்கு நடுவே, கையில் ஈயம் பத்தவைக்கும் கட்டையோடு நின்றபடிதான் பதில் சொன்னேன். சொன்னது போதாது என்று ராத்திரி படுத்தால் உறுத்துகிறது. அதனால்தான் எல்லாருக்குமாக இந்த மடல்.

இந்த யோசனையே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. முக்கால் டயர் மூழ்கச் சேற்றில் ஓடும் போட்டி வண்டிக்கு ரேடியேட்டர் முன்னால் இருப்பது பெரிய தொல்லை. அடிக்கிற சேறு தகட்டிடுக்கில் புகுந்து, எஞ்சின் சூட்டிலேயே காய்ந்து செங்கல்லாகிவிடும். மரத்திலோ பாறையிலோ மோதினால் முதலில் உடைவதும் அதுதான். தண்ணீரில் வேகமாக இறங்கினால் இன்னொரு ஆபத்து. எஞ்சினோடு சுற்றும் ஃபேன் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது அதன் இறக்கை முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியபோது, ஆட்களை ஏற்றிவர ஊருக்குள் போன ஜீப் ஒன்று என்னிடம் அப்படித்தான் வந்தது. காம்பஸ் வைத்துக் கீறியது போல ரேடியேட்டரில் வட்டமாக ஒரு வெட்டு. அந்தப் பையனிடம் நான் கூலி வாங்கவில்லை.

மலேசியாவில் 1997-ல் தொடங்கி, 2014-ல் கோவாவுக்கும் வந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் ரேடியேட்டரைப் பின்னால் ஏற்றிய வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் பாலைவனப் பந்தய வண்டிகளிலும் அது பின்னால்தான் இருக்கும். அவர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு அது தேவை.

ஆனால் என்னிடம் வந்த ஆறு பேரில் ஐந்து பேர் சேற்றைக் காரணமாகச் சொல்லவில்லை. "வண்டி சூடாகுதுண்ணே" என்றுதான் சொன்னீர்கள். தம்பிகளே, முன்னால் இருக்கும்போதே சூடாகிற வண்டி, ரேடியேட்டர் பின்னால் போனால் இன்னும் அதிகமாகச் சூடாகும். முன்னால் இருந்தால், வண்டி ஓடுகிற ஓட்டத்தில் காற்று தானாக வந்து மோதும். பின்னால், ஆட்களுக்கும், வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டுக்கும் மறைவில், அந்தக் காற்று கிடைக்காது. எஞ்சின் ஃபேனும் அங்கே எட்டாது. குறைந்தது இரண்டு மோட்டார் ஃபேன், அதாவது கரன்டில் சுற்றும் ஃபேன், வேண்டும். அவை இழுக்கிற கரன்ட் ஹெட்லைட் இழுப்பதைவிட அதிகம். பழைய டீசல் ஜீப்பில் கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் விளக்குக்கும் ஹாரனுக்கும் கணக்குப் பண்ணி வைத்தது. ராத்திரியில் விளக்கும் போட்டு, செகண்ட் கியரில் மணலில் திணறும்போது அந்த இரண்டு ஃபேனும் சோர்ந்து சுற்றும். அதிகக் காற்று வேண்டிய நேரமும் அதுதான்.

(மணல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தை முதல் பங்குனி வரை தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் ஆமைகள் ஏறி முட்டையிடும் காலம். அந்த மணலில் தயவுசெய்து வண்டி ஏற்றாதீர்கள்.)

அப்படியானால் வண்டி ஏன் சூடாகிறது? நான் பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் காரணம் போர் தண்ணி. கடலோரத்தில் இருக்கிறோம். நம் போர் தண்ணியில் டீ போட்டாலே திரிகிறது, அதைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறீர்கள். மேல் தொட்டியைப் பத்தவைத்த இடத்தில் பிரித்தால் குழாய் வாய்களில் பாதி சுண்ணாம்பு அடைத்து வெள்ளையாக நிற்கும். இரண்டாவது உப்புக் காற்று. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் தகடு, விரலால் தடவினால் அப்பளம் போல உதிரும். தகடு குழாயோடு ஒட்டியிருந்தால்தானே சூட்டை வெளியே கடத்தும்? மூன்றாவது நீங்களே மாட்டிக்கொண்டது. கிரில்லுக்கு முன்னால், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச், அதன்மேல் வரிசையாக விளக்கு, அதன்மேல் கிளப் போர்டு. காற்று எந்த வழியாகத்தான் உள்ளே போகும்? இத்தோடு, எவரோ பேச்சைக் கேட்டு, சூட்டைப் பொறுத்துத் தண்ணீருக்கு வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பீர்கள், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் செத்திருக்கும். இதையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவு, ரேடியேட்டரைப் பின்னால் மாற்றும் செலவில் கால்வாசிகூட வராது.

தண்ணீரில் இறங்கவேண்டும் என்பவர்களுக்கும் இதைவிட எளிய வழி இருக்கிறது. முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கே மோட்டார் ஃபேன் போட்டு, அதை நிறுத்த டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வையுங்கள். இறங்கும் முன் ஃபேனை நிறுத்தி, கிரில்லை மூடித் தார்ப்பாய் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் போங்கள். கரையேறியதும் முதல் வேலையாகத் தார்ப்பாயை அவிழ்த்து ஃபேனைப் போடுங்கள். வெள்ளத்தில் போய்வரும் வண்டிக்கு இது போதும்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஜீப்பை லோடு வண்டியில் ஏற்றிவந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். பின்சீட் இருந்த இடத்தில் ரேடியேட்டர். வேறொரு ஊர்ப் பட்டறையில் செய்த வேலை. போகவும் வரவும் இரண்டு குழாய்களை, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, வண்டிக்குள்ளேயே தரைமேல் போட்டிருந்தார்கள். குழாய் முனையில் ஓஸ் நழுவாமல் பிடிக்கும் வரம்பு கிடையாது. வழவழப்பான குழாயில் ஓஸை நுழைத்து ஒரே ஒரு கிளாம்ப். மேட்டில் ஏறும்போது அந்த ஓஸ் கழன்றுவிட்டது.

0.9 (பார் அழுத்தம்) என்று எழுதிய ரேடியேட்டர் மூடி போட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். ஓஸ் கழன்ற நொடியில் அந்த அழுத்தம் போய்விடுகிறது. 100 டிகிரிக்கு மேல் இருந்த சூடு முழுக்க ஆவியாகச் சீறுகிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவே குந்தியிருந்த பையன் கல்லூரியில் படிக்கிறவன். முழங்காலுக்குக் கீழே வெந்துபோனான்.

"சூட்டு மீட்டர் முள்ளு பாதியிலதாண்ணே நின்னுச்சு, ஏறவே இல்ல" என்று வண்டிக்காரத் தம்பி அழுதுகொண்டே சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. குழாய் தரையோடு ஓடி, பின்னால் ரேடியேட்டருக்கு மேலேறுகிறது. முன்னால் தெர்மோஸ்டாட் இருக்கும் மேட்டில் காற்று மாட்டிக்கொண்டது. சூடு பார்க்கும் சென்சார் தண்ணீரைத் தொடாமல் அந்தக் காற்றில் நின்றது. உள்ளே கொதித்துக்கொண்டிருக்க, முள் பாதியிலேயே நின்றிருக்கிறது.

வண்டிக்குள் அந்தப் பையனின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பச்சைக் கூலன்ட் வாரில் படிந்து இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. கழுவி அவன் அண்ணனிடம் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவன் கால் ஊன்றி நடந்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சேற்றுப் போட்டிக்கென்றே ஒரு வண்டி கட்டுகிறீர்களா? சரி, செய்யுங்கள். ஆனால் சூட்டுக் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரவே கூடாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் உள்பக்கமாக, சைலன்சரையும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் விட்டு விலகி, ஒவ்வொரு முழத்துக்கும் ரப்பர் வைத்த பட்டியால் இறுக்கிக் கொண்டுபோங்கள். வளைவுக்கும் இணைப்புக்கும் மட்டும் ரப்பர் ஓஸ், நேர் ஓட்டம் முழுக்க உலோகக் குழாய். குழாய் முனை ஒவ்வொன்றிலும் வரம்பு உருட்டி, இரட்டைக் கிளாம்ப் போடுங்கள். ரேடியேட்டருக்கும் ஆட்களுக்கும் நடுவே தரையிலிருந்து தலை உயரத்துக்கு இரும்புத் தகட்டுத் தடுப்பு வேண்டும். பணம் போதவில்லை என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள், தடுப்பு இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஃபேன் காற்றை வண்டிக்கு வெளியே, பின்பக்கமாகத் தள்ளவேண்டும். பின் டயர் வாரி அடிக்கும் சேறு எட்டாத உயரத்தில் ரேடியேட்டர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முன்னால் பட்ட பாட்டைப் பின்னால் படுவீர்கள்.

காற்றை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பொறுமை கேட்கிற வேலை. ஒன்றரை அங்குலக் குழாய் 6 மீட்டர் ஓடினால் குழாய்க்குள் மட்டுமே ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும். குழாய் ஓட்டத்தில் எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு தொட்டி வைத்து, தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை அதற்கு இழுங்கள். மாட்டிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து பின் ரேடியேட்டர் கையில் சுடும்வரை பக்கத்திலேயே நின்று ஊற்றுங்கள். ஆறவிட்டு மறுநாள் காலையில் திரும்பப் பாருங்கள். தண்ணீர் கட்டாயம் குறைந்திருக்கும். சென்சாரை நம்பி மட்டும் இருக்காமல், ரேடியேட்டருக்குள் போகிற குழாயில் இரண்டாவது மீட்டர் ஒன்றும் வையுங்கள்.

பாரத்தையும் கணக்கில் எடுங்கள். ரேடியேட்டர், தண்ணீர், ஃபேன், தடுப்பு எல்லாம் பின்னால், அதுவும் உயரத்தில் போய் உட்காருகிறது. செங்குத்தான மேட்டில் முன் சக்கரம் லேசாகி மண்ணை விட்டு எழும்பும். கேப்பர் மலை ஓடைச் சரிவுகளில் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் முதலில் குறித்ததற்கு ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அந்த வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும் என்றாகிவிட்டது. ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று எழுதியிருக்கிறது. பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு ரேடியேட்டர் வைத்தால் அந்த எண்ணே மாறிப்போகிறது. விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். போட்டி வண்டி என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கிளப் நடத்துகிற தம்பிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பயணங்களில் பின் ரேடியேட்டர் வண்டி வந்தால், கிளம்பும் முன் தடுப்புத் தகடு இருக்கிறதா, குழாய் ஆள் உட்காரும் இடத்துக்கு வெளியே ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் அதில் டிரைவரைத் தவிர யாரையும் ஏற்றவிடாதீர்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

மற்றவர்கள், சீட்டை வெட்டும் முன் ஒரு காலை வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஃபேன் மறைப்பைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, வேகம் குறைத்த தண்ணீரில் ரேடியேட்டரைக் கழுவிப் பார்ப்போம். எவ்வளவு செம்மண் இறங்குகிறது என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். கழுவிப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் ரேடியேட்டர் பட்டறை அண்ணன்