போன் பேசும்போதும் மன்னிப்புக் கடிதம் எழுதும்போதும்

கொடைக்கானலில் விடுதி நடத்தும் எல்லாருக்கும் வணக்கம். சீசன் நெருங்குகிறது. போனை எடுத்ததும் வெறும் "அலோ" வேண்டாம், விடுதிப் பெயரைச் சொல்லுங்கள், ஏனென்றால் கூப்பிடுகிறவர் நாலைந்து விடுதிகளை வரிசையாக விசாரித்துக்கொண்டிருப்பார், யாரிடம் பேசுகிறோம் என்றே அவருக்குக் குழம்பிப்போகும். மழையில் சிக்னல் போய்ப் பேச்சு அறுந்தால் நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று கேட்டால், 2018-ல் பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030-ல்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அறை நிரம்பட்டும் என்று பொய் சொல்லாதீர்கள்.

அப்புறம் மன்னிப்புக் கடிதம். போன மாதம் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு குடும்பத்தார் கைக்குழந்தையோடு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் குளிரில் வாசலில் நின்றார்கள், இன்னும் மனசு கேட்கவில்லை. "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து அழித்துவிட்டேன், யாரோ செய்த தப்பு மாதிரி இருந்தது. "உங்கள் பதிவை நோட்டில் ஏற்றாமல் விட்டது நான்தான். முன்பணம் 2,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன்" என்று எழுதினேன். பணத்தை அனுப்பிய பிறகே கடிதத்தை அனுப்புங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், சேர்ந்தே எழுதலாம்.